அச்சுப்படத்தின் அடிவிளிம்பை வெட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த, கோட்டை கொண்ட துறைமுகங்களின் முற்றுகைகள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஜிப்ரால்டர், செவஸ்தபோல், சம்டர் கோட்டை, போர்ட் ஆர்தர் ஆகிய நான்கு முற்றுகைகளையும் ஒரே கட்டுரையில் சுருக்கிச் சொல்வது எளிதல்ல; கட்டுரையாளர் அதை நன்றாகவே செய்திருக்கிறார். என் முறையீடு கட்டுரையோடு வெளியான படங்களைப் பற்றியது. நான்கும் பழைய அச்சுப்படங்கள். நான்கின் கீழும் ஊர்ப் பெயரும் முற்றுகை நடந்த ஆண்டும் மட்டுமே இருந்தன; படத்தை வரைந்தவர் யார், எந்த ஊரில் எந்த ஆண்டில் அச்சானது, யாருக்கு விற்கப்பட்டது என்ற விவரம் எதுவும் இல்லை. அதைவிட வருத்தம் தருவது, நான்கு படங்களும் சித்திரத்தின் ஓரத்தோடு ஒட்ட வெட்டப்பட்டு, அடிவிளிம்பே இல்லாமல் வெளிவந்ததுதான்.

பழைய காகித ஆவணங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் பல காலம் இருந்தவன் என்பதால், இந்த விளிம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். முன்பு இத்தகைய படங்களுக்கு மரச்சட்டம் போட்டவர்கள், மரச்சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கத்தரிக்கோலால் விளிம்பை நறுக்கி எறிந்துவிடுவார்கள். விளிம்பு போன தாளுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும். அருங்காட்சியகங்களும் தம் பதிவேட்டில் அந்தக் குறையைத் தவறாமல் எழுதி வைக்கும். காரணம், அந்தத் தாளின் பிறப்புச் சான்று அந்த விளிம்பில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 1735ஆம் ஆண்டின் செதுக்குப்பட உரிமைச் சட்டம், பாதுகாப்பு வேண்டுமென்றால் வெளியீட்டு நாளையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் வெளியீட்டாளர்கள், இன்ன ஆண்டில் நாடாளுமன்றச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது என்ற வரியைப் படத்தின் கீழே அச்சிட்டனர். மெய்ஜி பேரரசர் காலத்து (1868–1912) ஜப்பானில் ஓவியர் பெயர், வெளியீட்டாளர் பெயர், முகவரி, அச்சிட்ட தேதி, வெளியிட்ட தேதி எல்லாம் ஓரத்தில் சிறு கட்டத்துக்குள் வர வேண்டும் என்பது சட்டம். சித்திரத்துக்குள் ஓவியர் தம் விருப்பம்போல் எதையும் வரையலாம். விளிம்பில் அவர் விருப்பத்துக்கு இடமில்லை. சட்டம் கேட்டதை அங்கே எழுதியே ஆக வேண்டும். படத்தை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்த விரும்புகிற நாளிதழ் முதலில் பாதுகாக்க வேண்டிய பகுதி அதுவாக இருக்க, நாம் அதைத்தான் முதலில் வெட்டுகிறோம்.

இது வெறும் நுணுக்கம் பார்க்கும் பழக்கம் என்று தோன்றக்கூடும் என்பதால், தாங்கள் வெளியிட்ட சம்டர் கோட்டைப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். அது நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட கல்லச்சுப் படம். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய இடமான சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயில், தென் மாநிலப் படை தாக்க, வடக்கின் வசமிருந்த கோட்டை புகைக்கும் நெருப்புக்கும் நடுவே நிற்கிறது. 1861 ஏப்ரல் 12, 13 ஆகிய நாட்களின் குண்டுவீச்சு என்று தலைப்பு சொல்கிறது. அந்த இரு நாட்களில் நடந்தவை நன்கு பதிவானவை. 12ஆம் தேதி அதிகாலை நான்கரை மணிக்குத் தொடங்கிய குண்டுவீச்சு ஏறத்தாழ 34 மணி நேரம் நீடித்தது. கோட்டைக்குள் மேஜர் ராபர்ட் ஆண்டர்சனிடம் இருந்த வீரர்கள் எண்பது பேருக்குச் சற்று அதிகம். ஆள் குறைவு என்பதால், திறந்த மேல்தளத்தில் இருந்த பெரிய பீரங்கிகளை அவர் பயன்படுத்த விடவில்லை. வீரர்கள் கீழ்த்தளத்தின் கட்டட மறைவிலிருந்தே சுட்டார்கள். ஆனால் அக்காலச் சம்டர் படங்கள் பலவற்றில் மேல்தளமும் முழங்குகிறது. 13ஆம் தேதி கொடிக்கம்பம் குண்டடிபட்டு முறிந்து விழுந்தது. தற்காலிகமாக ஒரு கம்பத்தை நட்டுக் கொடியை மீண்டும் ஏற்றினார்கள். படங்களிலோ கொடி பெரும்பாலும் நெடிய கம்பத்தில் கம்பீரமாகப் பறக்கிறது. கரையிலிருந்து சுட்ட பீரங்கி மேடைகளில் மிக அருகிலிருந்த மோரிஸ் தீவின் முனைகூடக் கோட்டையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. தாளின் அகலத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருப்பதால் எதிரிகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசும் தொலைவில் நிற்பதுபோல் காட்சி சுருங்கிவிடுகிறது. இவ்வளவு தீக்கும் புகைக்கும் நடுவே அந்தக் குண்டுவீச்சில் இரு தரப்பிலும் எதிரியின் குண்டுக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. சரணடைந்த மறுநாள், கொடியை இறக்கும் மரியாதை வேட்டின்போது வெடிமருந்து தவறி வெடித்ததில்தான் டேனியல் ஹஃப் என்ற வீரர் இறந்தார். எந்த மலிவு விலைப் படமும் அந்த வேட்டைத் தேர்ந்தெடுத்ததாக நான் பார்த்ததில்லை, விற்காது.

விற்பனை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். நத்தானியல் கரியர் 1830களின் நடுவில் நியூயார்க்கில் கல்லச்சுத் தொழிலைத் தொடங்கியவர். 1840 ஜனவரியில் லெக்சிங்டன் என்ற நீராவிக் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது, அந்தக் காட்சியைச் சில நாட்களுக்குள் அச்சிட்டு வெளியிட்டுப் பெயர் பெற்றார். கணக்கராகச் சேர்ந்த ஜேம்ஸ் ஐவ்ஸ் 1857இல் பங்குதாரரானார். மக்களுக்கான மலிவான படங்கள் என்பதே அவர்கள் தம் கடைக்குக் கொடுத்த விளம்பரம்; சிறு அளவுத் தாள்கள் இருபது சென்ட் அளவிலேயே விற்றன. கல்லில் கறுப்புக் கோடு மட்டும் அச்சாகும். பிறகு ஒரு நீண்ட மேசையைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் நீலம், ஒருவர் சிவப்பு, ஒருவர் மஞ்சள் என ஆளுக்கு ஒரு நிறத்தை மட்டும் தீட்டித் தாளை அடுத்தவரிடம் தள்ளுவார். நடுவில் ஒரு மாதிரிப்படம் நிறுத்தப்பட்டிருக்கும். இந்த முறையில் அந்த நிறுவனம் 1907இல் மூடப்படும் வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை வெளியிட்டது. சார்ல்ஸ்டன் நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டு, நியூயார்க்கில் வரைந்து, சண்டையைக் கண்ணாலும் காணாத பெண்கள் நிறம் தீட்டி, வடக்கு மாநிலங்களின் வீட்டுக் கூடங்களுக்காக விற்ற தாள் அது என்று தெரிந்தால், அந்தக் கொடி ஏன் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு சிவப்பாக இருக்கிறது என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கும். தங்கள் நாளிதழில் வந்த படக்குறிப்பு, ‘சம்டர் கோட்டை, 1861’ என்று மட்டும் சொன்னதால், அதே படம் கடற்கரையில் யாரோ நின்று கண்டு பதிந்த காட்சியாகிவிட்டது.

செவஸ்தபோல் படத்தின் நிலை வேறு. அதற்குக் குறிப்பு இல்லாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம். அது வில்லியம் சிம்ப்சனின் ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்ட கல்லச்சுப் படம். கிளாஸ்கோவில் கல்லச்சுத் தொழில் பழகிய சிம்ப்சன், லண்டனில் இருந்தபடி, கிடைத்த தகவல்களைக் கொண்டு ரஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டனும் பிரான்சும் நடத்திய கிரிமியப் போரின் காட்சிகளை வரைந்து வந்தவர். பின்னர் கொல்னாகி என்ற படவெளியீட்டு நிறுவனம் அவரை நேரிலேயே அனுப்ப, 1854 நவம்பரில் பாலக்லாவா துறைமுகத்தில் போய் இறங்கினார். அங்கே அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் லண்டனுக்கு வந்து, டே அண்ட் சன் அச்சகத்தில் கல்லில் ஏற்றப்பட்டு, 1855, 1856ஆம் ஆண்டுகளில் எண்பது படங்களுக்கும் அதிகமான ஒரு பெருந்தொகுப்பாக வெளிவந்தன. நேரில் பார்த்தவரின் கை என்பது அந்தப் படங்களில் தெரியும். பீரங்கி முழக்கத்தைவிட முற்றுகையின் அன்றாடமே அவற்றில் அதிகம் இருக்கிறது. பாலக்லாவாவிலிருந்து முகாமுக்குச் செல்லும் பாதையில் மழைச் சேற்றில் வண்டிகள் புதைந்து குதிரைகள் விழுந்து கிடப்பதை ஒரு படத்தில் காட்டியிருக்கிறார். நோயாளிகளைக் கப்பலேற்றுவது இன்னொன்று. அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினர் ஏறத்தாழ இருபத்தோராயிரம் பேர் என்றும், அவர்களில் சுமார் பதினாறாயிரம் பேர் நோயால் மாண்டவர்கள் என்றும் நினைத்துப் பார்த்தால், சேற்றில் புதைந்த அந்த வண்டிதான் செவஸ்தபோல் முற்றுகையின் உண்மையான படம் என்று தோன்றும். 1854 அக்டோபர் முதல் 1855 செப்டம்பர் வரை ஏறக்குறைய பதினோரு மாதங்கள் நீடித்த அந்த முற்றுகையின் பெரும்பகுதி, பள்ளம் தோண்டுவதிலும் மூங்கில்கூடை போன்ற பின்னல் கூடைகளில் மண் நிரப்பி அரண் எழுப்புவதிலும் காலராவோடு போராடுவதிலும் கழிந்தது. சிம்ப்சனின் படமும் முழுக்கக் கட்டுப்பாடற்ற சாட்சியம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: அவர் தம் ஓவியங்களைப் பிரிட்டிஷ் படைத் தளபதி ராக்லனிடம் காட்டிய பிறகே ஊருக்கு அனுப்பினார். நேரில் பார்த்தவர், ஆனால் படைத்தலைமையின் நட்பில் இருந்தவர் என்ற இரண்டும் குறிப்பில் இருந்தால்தான் அந்தப் படத்தை வாசகர் சரியாக எடைபோட முடியும்.

இந்த இடத்தில் சிலர், அப்படியானால் அச்சுப்படங்களை விட்டுவிட்டுப் புகைப்படங்களையே வெளியிடலாமே என்று கேட்பார்கள். அதே செவஸ்தபோலுக்கு 1855இல் சென்ற ரோஜர் ஃபென்டன், முன்னூறுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகட்டுப் படங்களோடு திரும்பினார். நீண்ட நேரம் ஒளி படவேண்டிய அக்காலக் கருவியால் ஓடும் மனிதரையோ வெடிக்கும் குண்டையோ பிடிக்க முடியாது. ஆகவே அவற்றில் சண்டையே இல்லை. குண்டுகள் சிதறிய பள்ளத்தாக்கு ஒன்றை அவர் ஒரே கோணத்தில் இருமுறை எடுத்திருக்கிறார்: ஒன்றில் பாதை வெறுமையாக இருக்கிறது, மற்றதில் பாதை முழுவதும் பீரங்கிக் குண்டுகள் கிடக்கின்றன. எது முதலில் எடுத்தது, குண்டுகளை யார் நகர்த்தியது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். எனவே புகைப்படத்துக்கும் குறிப்பு வேண்டும் என்பதே என் எண்ணம். ஊடகம் மாறியதால் கேள்வி மாறிவிடுவதில்லை.

ஜிப்ரால்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1779 முதல் 1783 வரை நீடித்த அந்த முற்றுகையில், 1782 செப்டம்பர் 13 அன்று ஸ்பானிய, பிரெஞ்சுத் தரப்பு கொண்டுவந்த பத்து மிதக்கும் பீரங்கி மேடைகளைக் கோட்டையிலிருந்த பிரிட்டிஷ் தரப்பினர் உலையில் பழுக்கக் காய்ச்சிய குண்டுகளால் எரித்தனர். தாங்கள் வெளியிட்ட படம் ஜான் சிங்கிள்டன் கோப்லியின் பெரிய ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கப்பட்ட செப்புத்தகட்டு அச்சு. லண்டன் மாநகராட்சி 1783இல் பணித்த அந்த ஓவியம் 1791இல்தான் முடிந்தது. அதில் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட ஜெர்மானிய ஹனோவர் படை அதிகாரிகளின் முகங்கள் பொருந்த வேண்டும் என்பதற்காகக் கோப்லி 1787இல் ஜெர்மனிக்கே பயணம் செய்தார். செதுக்கியவர் வில்லியம் ஷார்ப். அந்த வேலை வெளிவந்ததோ அடுத்த நூற்றாண்டில். முகங்களில் அவ்வளவு துல்லியம், எரியும் கலங்களுக்கும் அரணுக்கும் இடையிலான தொலைவில் அவ்வளவு தாராளம்! ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் யாரைப் பார்க்க விரும்பினார்கள் என்பதை அதிலேயே காணலாம். இதன் கீழ் ‘1782’ என்று அச்சிடுவது, பேரன் எழுதிய நினைவுக் குறிப்பைத் தாத்தாவின் நாட்குறிப்பு என்று சொல்வதற்கு ஒப்பானது.

இனி நான்காவது படம். இதில்தான் தெளிவான பிழை நேர்ந்திருக்கிறது. கட்டுரை பேசுவது ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே 1904இல் தொடங்கிய போரில், சீனக் கரையில் அப்போது ரஷ்யா வைத்திருந்த போர்ட் ஆர்தர் முற்றுகையிடப்பட்டதைப் பற்றி. படத்திலோ கோட்டையைக் காப்பவர்கள் சிங் வம்சத்துச் சீன வீரர்கள். அவர்களுடைய உடையும் தலைப்பாகையும் கொடியும் பளிச்சென்று தெரிகின்றன. அது 1894 நவம்பர் 21 அன்று ஜப்பானியப் படை அதே துறைமுகத்தைச் சீனர்களிடமிருந்து கைப்பற்றியதைக் காட்டும் மூன்று தாள் மரக்கட்டை அச்சு. விளிம்பு வெட்டப்படாமல் இருந்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை: 1894இல் அச்சான தாள்களில் ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் மெய்ஜி 27 என்றும், 1904இல் அச்சான தாள்களில் மெய்ஜி 37 என்றும் ஆண்டு இருக்கும்.

இரு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாடு பத்தாண்டு மட்டுமல்ல. 1894இல் அந்தத் துறைமுகம் ஒரே நாளில் விழுந்தது. தோக்கியோ வெளியீட்டாளர்களுக்கு அந்தப் போர் பெரும் அறுவடை; பத்து மாதங்களுக்குள் ஏறத்தாழ மூவாயிரம் தலைப்புகள் வெளிவந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. கோபயாஷி கியோச்சிகா, மிசுனோ தோஷிகாத்தா போன்ற திறமைசாலிகளும், போர்க்களத்தையே பார்க்காமல், தந்திச் செய்திகளையும் நாளிதழ் அறிக்கைகளையும் வைத்து வரைந்தார்கள். அந்தப் படங்களின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவுக் கடலில் தேடொளி விழும் விதத்தைக் கியோச்சிகா போல் காட்டியவர்கள் அரிது. 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய் துறைமுகம் முற்றுகையில் வீழ்ந்தபோது தன்னுயிரை மாய்த்துக்கொண்ட சீனக் கடற்படைத் தளபதி திங் ருசாங்கின் கடைசி நேரத்தைத் தோஷிகாத்தா எதிரியென்று இழிவுபடுத்தாமல் மரியாதையோடு வரைந்திருக்கிறார். ஜப்பானியர் யாரும் பார்த்திராத காட்சி அது, முழுக்கக் கற்பனை. அதே வேளையில், போர்ட் ஆர்தர் விழுந்த பின் அந்த நகரில் ஜப்பானியப் படையினர் நடத்திய படுகொலையை ஜேம்ஸ் கிரீல்மன் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் எழுதி உலகறியச் செய்தார். நான் பார்த்த வெற்றிப் படங்கள் ஒன்றில்கூட அதன் சுவடு இல்லை. தாங்கள் வெளியிட்ட படமும் அந்த வெற்றிப் படங்களில் ஒன்று என்பதை வாசகர் அறிவது அவசியம் என்று கருதுகிறேன்.

1904இன் கதை வேறு. ஜெனரல் நோகியின் படை அந்தத் துறைமுகத்தை ஐந்து மாதங்கள் சூழ்ந்து நின்றது. தன் நாட்டின் கடற்கரைக் காவலுக்கு வைத்திருந்த 28 சென்டிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கிகளை ஜப்பான் அங்கே கொண்டு வந்தது; டிசம்பர் 5 அன்று 203 மீட்டர் குன்று கைக்கு வந்த பிறகு, அதன் உச்சியிலிருந்து குறி சொல்லித் துறைமுகத்துக்குள் நின்ற ரஷ்யக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். 1905 ஜனவரி 2 அன்று கோட்டை சரணடைந்தபோது, ஜப்பான் தரப்பில் மட்டும் மாண்டவர்களும் காயமுற்றவர்களும் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தனர். நோகியின் இரு மகன்களும் அந்தப் போரில் இறந்தார்கள். அதற்குள் புகைப்படங்களும் அஞ்சலட்டைகளும் சந்தையைப் பிடித்துவிட்டதால், மரக்கட்டை அச்சு வணிகம் முந்தைய போரின் உச்சத்தை மீண்டும் எட்டவில்லை. ஒரே நாள் வெற்றியின் கொண்டாட்டப் படத்தை ஐந்து மாதப் பேரிழப்பின் கதைக்கு நடுவே வைத்ததில், கட்டுரையாளர் கவனமாக எழுதிய பத்திகளின் பொருளே மாறிப்போயிற்று.

இடப் பற்றாக்குறை என்ற பதிலைத் தாங்கள் சொல்லக்கூடும். நாளிதழில் ஒவ்வொரு வரிக்கும் போட்டி உண்டு என்பதை அறிவேன். ஆனால் நான் கேட்பது இரண்டு வரிகளுக்கு மேல் போகாது. ‘சம்டர் கோட்டைக் குண்டுவீச்சு, கரியர் அண்ட் ஐவ்ஸ், நியூயார்க், கையால் நிறம் தீட்டிய கல்லச்சு; வடக்கு மாநிலங்களில் விற்பனைக்கு வெளியிடப்பட்டது’ என்று எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்? ஓவியர் நேரில் பார்த்தவரா இல்லையா என்பது தெரிந்தால் அதை ஒரு சொல்லில் சேர்க்கலாம். தெரியாவிட்டால் நிறுவனத்தின் பெயரும் அச்சிட்ட ஊரும் போதும். பள்ளிப் பாடநூல்களுக்கும் இதே கோரிக்கை பொருந்தும். மாணவர்கள் பெரிய போர்களின் உருவத்தை இத்தகைய படங்களிலிருந்தே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். பல பாடநூல்களில் படத்தின் மூலம் நூலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் புதைந்திருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

படங்களைத் தேர்ந்தெடுக்கும் தங்கள் அலுவலகத்தார் வணிகப் படவங்கிகளைவிட நூலகங்களின், அருங்காட்சியகங்களின் தொகுப்புகளை முதலில் பார்ப்பது நல்லது என்றும் பணிவுடன் சொல்கிறேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்றவை விளிம்போடு முழுத் தாளையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. அதிலுள்ள எழுத்துகளையும் தனியே எடுத்துப் பதிந்திருக்கின்றன. உரிமைக் காலம் முடிந்த படங்கள் பலவற்றை, குறிப்பாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்து, கட்டணமின்றியே பெறலாம். வெட்டப்பட்ட படத்தை விலைகொடுத்து வாங்குவதைவிட முழுத் தாளை விலையின்றிப் பெறுவது தங்கள் கணக்குப் பிரிவுக்கும் உவப்பாக இருக்கும்.

உடனடியாக வேண்டுவது போர்ட் ஆர்தர் படத்துக்கான திருத்தம். அந்தப் படம் 1894ஆம் ஆண்டுச் சீன ஜப்பானியப் போரைச் சேர்ந்தது, கட்டுரை பேசும் முற்றுகையைச் சேர்ந்ததல்ல என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு வரி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இயன்றால் அதே தாளை மூன்று பகுதிகளும் ஓரக் கட்டமும் தெரியும்படி மீண்டும் அச்சிடுங்கள். இரண்டு பத்தி அகலம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்